பாதிப் பாட்டில் நின்ற சத்தம்

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், பொழுதை விடிய வைத்தது கோயில் ஸ்பீக்கர்தான். வட்டவளைப் பக்கத்து மழையில் சூரியனை நம்பிக்கொண்டிருந்தால் யாரும் வேலைக்குப் போய்ச் சேர முடியாது. பூசாரி இருட்டோடு படியேறிப் போய் அம்ப்ளிஃபயரைப் போடுவார். கோயில் கூரையில் கட்டியிருந்த இரண்டு குழாய்களில் ஒன்று எங்கள் லயத்தைப் பார்த்திருந்தது, மற்றது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டத்தின் கீழ்ப் பிரிவை. கீழ்ப் பிரிவிலும் ஒரு கோயில், அங்கேயும் குழாய்கள். எந்தச் சாமிக்குத் தொண்டை பெரிது என்று தினமும் காலையில் ஒரு போட்டி நடக்கும்.

முதல் பாட்டுக்கு அடுப்பு மூட்டுவார்கள். இரண்டாவது பாட்டுக்கு ரொட்டி தட்டுவார்கள். மூன்றாவது பாட்டு முடியும்போது கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு இறங்குவார்கள். அங்கேதான் கணக்கப்பிள்ளை பேர் பதிந்து, எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்புவார். பிந்திப் போனால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். கேசட் ஒன்றே ஒன்று, வருஷக்கணக்காக அதே வரிசை. சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த வீடுகளிலும் அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தப் பாட்டு பாதியில் நிற்காது. நின்றால் ஒரே அர்த்தம்தான். தோட்டத்தில் யாராவது செத்துப்போனால் ஓர் ஆள் ஓடிப்போய்ப் பூசாரியிடம் சொல்வார். எந்த வரி ஓடிக்கொண்டிருந்தாலும் அவர் பாட்டை அறுத்துவிட்டுக் கோயிலைச் சாத்திவிடுவார். கரண்ட் போயும் பாட்டு நிற்பதுண்டு, ஆனால் அப்போது லயத்து விளக்குகளும் கூடவே போய்விடும். விளக்கு எரிகிறது, பாட்டைக் காணோம் என்றால் சாவு. அன்றைக்கு யாரும் மலைக்கு ஏறமாட்டார்கள். எந்த வீடு என்று பார்த்து அந்த வாசலில் போய் நிற்பார்கள்.

நான் கல்யாணமாகி அந்த லயத்துக்குப் போனது இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்களில். என் கணவருக்குத் தேயிலை பெக்டரியில் வேலை, ரோலர் மெஷினில். பகலில் பறித்த கொழுந்து பரணில் கிடந்து வாடி, ராத்திரியில்தான் அரைபட ஆரம்பிக்கும். ஆகவே இவருக்கு ராத்திரி வேலை. சாப்பிட்டுவிட்டுப் போனால் விடிவதற்குச் சற்று முன்னால் வருவார். உடம்பெல்லாம் தேயிலை வாசனை, கண் இரண்டும் சிவந்திருக்கும். கால் கழுவி, பால் விடாத சாயத் தண்ணி குடித்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடுவார். மூடியதும் கோயிலில் முதல் பாட்டு ஆரம்பிக்கும்.

எங்கள் ஒற்றை அறைக் காம்பராதான் லயத்தின் கடைசி வீடு. அதற்கு நேர் மேலே கோயில். குழாய்ச் சத்தம் எங்கள் தகரக் கூரையைத்தான் முதலில் தொடும், பிறகுதான் மற்ற வீடுகளுக்குப் போகும். சுவரில் தொங்குகிற தட்டு அதிரும். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழந்துணி அடைத்துப் பார்த்தேன். அவருக்குக் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். அந்தச் சத்தம் காது வழியாக மட்டுமா வருகிறது, கட்டில் கால் வழியாகவும் வருகிறது. பெரட்டுக்கு எல்லோரும் போன பிறகும் பூசாரி பூசை முடித்து இறங்கும் வரைக்கும் கேசட் ஓடும். ஆள் இல்லாத லயத்துக்கும் என் கணவருக்குமாகச் சாமி பாடிக்கொண்டிருக்கும்.

பகலில் தூங்கக் கூடாதா என்று கேட்கலாம். அவருக்கு முதல் தூக்கம் கலைந்தால் கலைந்ததுதான். புரண்டு படுப்பார், எழுந்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பார், மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வார். அதற்குள் லயத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கத்த ஆரம்பித்துவிடும். இப்படியே மாதக்கணக்கில் போனால் மனுஷன் என்ன ஆவான்? பேச்சுக் குறைந்தது. சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முதலில் அவர்மேல் வந்தது, பிறகு சாமிமேல் வந்தது.

ஒரு நாள் அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தேன். வலது கை முழங்கை வரைக்கும் கிழிந்திருந்தது. கேட்டதற்கு ஆணியில் மாட்டிக்கொண்டது என்றார். ஆணியில் மாட்டிய கிழிசலில் ரோலர் மசகு எப்படி வரும்? நான் விடவில்லை. கடைசியில் சொன்னார்.

"நின்னுக்கிட்டே கண்ண மூடிட்டேன் போல. ரோலர் சட்டையப் புடிச்சு இழுத்துருச்சு. பக்கத்துல நின்னவன் என்னையப் பின்னால இழுத்துட்டான். கைக்கு ஒண்ணும் ஆகல."

"டீமேக்கர் பாத்தாரா?"

"பாத்தாரு. இன்னொரு தடவ தூங்கி விழுந்தா பெக்டரிக்கே வரவேணாம்னு சொல்லிட்டாரு. நீ இத யாருகிட்டயும் சொல்லிறாத."

நான் அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்தேன். தைக்கும்போது, உள்ளே ஒரு கை இருந்திருக்கிறது என்ற நினைப்பு ஊசியோடு கூடவே ஓடிக்கொண்டிருந்தது. பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் சொன்னதற்கு அவர் பயந்தார். எனக்கு வேலை போவது பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கை போய்விடக் கூடாது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் கொழுந்துக்குப் போகவில்லை. ரேடியோ, டிவி திருத்துகிற பயிற்சி முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்தேன். முதலாளி சிங்களவர், நல்ல மனுஷர். என்னை நங்கி என்று கூப்பிடுவார், தங்கச்சி என்று அர்த்தம். காலையில் பஸ் ஏறி, சாலிடரிங் புகையில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, பொழுது சாய்கிறபோது திரும்பி வருவேன். வந்தால் சமையல், தண்ணி எடுக்கப் பீலிக்கரை. நான் வருகிற நேரம் அவர் கிளம்புகிற நேரம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் வாசலில்தான் பார்த்துக்கொண்டோம்.

சட்டை கிழிந்த வாரத்திலேயே கோயில் கமிட்டித் தலைவரைப் போய்ப் பார்த்தேன். தோட்டத்துச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று எனக்கு வாய்ப்பூட்டு போட்டிருந்ததே.

"கொறைக்கிறதா? என்னா புள்ள பேசுற? கீழ்ப் பிரிவுக்காரன் புதுசா ஸ்பீக்கர் யூனிட் மாத்தியிருக்கான். நம்ம கொறைச்சா அவன் சிரிப்பான்ல!"

"அம்புட்டுச் சத்தம் எதுக்குங்க தலைவரே? ஆளுங்கள எழுப்பத்தான பாட்டு?"

"சாமிக்கும் கேக்கணும்ல" என்றார். பத்தடி தள்ளிக் கருவறையில் இருக்கிற சாமிக்குக் கேட்க வேண்டுமாம், அதற்குக் குழாய் ஆற்றைப் பார்த்துக் கத்த வேண்டுமாம். திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

பிறகு சாமியே வழி விட்டது. அம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழ் பழுதாகி, திருகினால் கரகரவென்று இரைய ஆரம்பித்தது. தலைவர் ஆள் அனுப்பி அதைத் திருத்தித் தரச் சொன்னார். எங்கள் கடை அலமாரியில் ஒரு போர்டு கிடந்தது. யாரோ கொழும்பிலிருந்து வரவழைக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப வராமல் போனது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. ஒற்றைப் பலகையில் மொத்தக் கம்ப்யூட்டர். திரை இல்லை, விசைப்பலகை இல்லை. கடைக் கம்ப்யூட்டரில் பேசிக் என்ற மொழியில் புரோகிராம் எழுதி ஒரு வயர் வழியாக ஏற்றிவிட்டால், கரண்ட் வரும்போதெல்லாம் எழுதியதைத் தானாகச் செய்யும்.

"நங்கி, அது சும்மாதான கெடக்குது, நீ எடுத்துப் பாரு" என்றார் முதலாளி, எனக்கு அதன்மேல் கண் இருந்ததைப் பார்த்துவிட்டு.

தலைவரிடம் நான் சொன்னது பொய் இல்லை. தினமும் உச்சச் சத்தத்தில் ஓடினால் ஸ்பீக்கர் யூனிட் சூடேறி எரிந்துபோகும், எல்லோரும் எழுந்த பிறகு சத்தம் தானாகக் குறைகிற மாதிரி ஒன்று வைத்துத் தருகிறேன், யூனிட் நாள்பட உழைக்கும் என்றேன். யூனிட் என்றதும் அவர் முகம் மாறியது. கீழ்ப் பிரிவில் இப்படி ஒன்று இல்லை என்று நான் சொன்ன பிறகு மறுபேச்சுப் பேசவில்லை.

வேலை சின்னதுதான். குமிழ் இருந்த இடத்தில் ஓர் ஐசி சில்லு. போர்டு ஒரு துடிப்பு அனுப்பினால் அந்த ஐசி சத்தத்தை ஒரு படி இறக்கும். பூசாரி அம்ப்ளிஃபயரைப் போட்டதும் போர்டுக்கும் உயிர் வரும். முதல் பாட்டு முழுச் சத்தத்தில் ஓடட்டும், அடுப்பு மூட்டட்டும். இரண்டாவது பாட்டில், எல்லோரும் எழுந்து நடமாடுகிற நேரத்தில், ஒவ்வொரு படியாக ஒரே இடைவெளியில் இறக்கிக்கொண்டு போய், கோயிலுக்குள் மட்டும் கேட்கிற அளவில் நிறுத்திவிட வேண்டும். எழுந்தவர்களுக்கு எழுப்புகிற சத்தம் எதற்கு? மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான் எழுதினேன். கடை மேசையில் ஒரு சாண் ஸ்பீக்கரை வைத்துச் சோதித்தபோது அழகாக இறங்கியது. எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அப்படி வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் நாள் காலையில் அவர் வந்து படுத்ததும் வீட்டைச் சாத்திவிட்டு நானும் கோயிலுக்கு ஏறினேன். என்ன நடக்கிறது என்று மேலே நின்று பார்க்க ஆசை. மழை விட்டிருந்தது, பனி இறங்கியிருந்தது. பூசாரி விபூதி கொடுத்துவிட்டு அம்ப்ளிஃபயரைப் போட்டார். முதல் பாட்டு லயத்தின்மேல் விழுந்தது. கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. கூரை இடுக்குகளில் அடுப்புப் புகை ஏறியது.

இரண்டாவது பாட்டு ஆரம்பித்துச் சற்று நேரத்தில் போர்டின் சின்ன விளக்கு சிமிட்டத் தொடங்கியது. படி இறங்குகிறது என்று அர்த்தம். ஆனால் சத்தம் குறைந்த மாதிரியே தெரியவில்லை. விளக்கு சிமிட்டுகிறது, பாட்டு அதே தொண்டையில் பாடுகிறது. ஏதோ வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன். பாதிப் படி இறங்கியிருக்கும், அப்போதும் சத்தம் அப்படியே. பிறகு, பாடகர் ஒரு வரியைத் தொடங்கி அதைப் பாதி வரைக்கும் கொண்டுபோன இடத்தில், பாட்டு திடீரென்று தளர்ந்து ஒரே மூச்சில் அடங்கிவிட்டது. குழாயின் கீழே காதை வைத்தால்தான் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது.

அதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மனுஷக் காது படிகளை எண்ணுவதில்லை. நூறு எண்பதானால் காதுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. எட்டு மூன்றானால் உலகமே அடங்கிவிட்டது. அதனால்தான் ரேடியோவுக்கு வால்யூம் குமிழ் வாங்கும்போது ஏ என்று எழுதியதைக் கேட்டு வாங்குகிறோம். பி என்றால் சம அளவாக இறங்கும், குறைக்கும்போது கடைசித் திருகலில்தான் எல்லாம் நடக்கும். எத்தனை ரேடியோவுக்கு நானே ஏ மாற்றிக் கொடுத்திருப்பேன். கை அறிந்த விஷயம் புரோகிராம் எழுதும்போது மண்டையில் ஏறவில்லை. சரி, இன்றைக்குக் கடையில் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

கீழே லயத்துக் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. கம்பளியைப் போர்த்திய பெண்கள் ஒவ்வொருவராக இஸ்தோப்புக்கு வந்து நின்று, கோயிலைப் பார்த்தார்கள். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. பாட்டு இல்லை. யாரும் கூடையைத் தூக்கவில்லை. ஒருத்தி மற்றவளிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. வீட்டுக்கு வீடு தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எல்லாக் கதவும் திறந்திருந்தது, ஒரு கதவைத் தவிர.

என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் போனார்கள். பிறகு அந்த வீட்டுக்குள்ளிருந்து ஒப்பாரி எழும்பியது.

இதை எப்படிச் சொன்னால் நம்புவீர்களோ தெரியவில்லை. பாட்டு ஏன் நின்றது என்று அந்தத் தோட்டத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நான். அதை நிறுத்திய வரிகளை எழுதியவள் நான். இருந்தும் அந்த அழுகை காதில் விழுந்ததும், அவர் போய்விட்டார் என்று நான் நம்பினேன். பாட்டு நின்றது, என் வீட்டில் பெண்கள் அழுகிறார்கள், வேறென்ன இருக்க முடியும்? புரோகிராமாவது ஐசியாவது, எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தூங்காத உடம்பு ஒரு நாள் இப்படித்தான் நின்றுபோகும் என்று எனக்கு முதலிலேயே தெரியும் போல இருந்தது. படிகளில் விழுந்து எழுந்து ஓடினேன். பூசாரி பின்னால் கூப்பிட்டது கேட்டது.

வாசலில் கூட்டம் வழி விட்டது. உள்ளே அவர் மல்லாந்து கிடந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அக்கா கட்டில் ஓரத்தில் மார்பில் அடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

"ராவெல்லாம் ரோலரோட – எந்தம்பி
ராசா நீ நின்னிருந்த
விடிஞ்சு வந்து படுக்கையில – இந்த
வீணாப்போன கொழா கத்துச்சே
கண்ணு மூட நேரமில்ல – எஞ்சாமி
கண்ணு ரெண்டும் தீயாச்சே
தேயிலைய அரைச்சு அரைச்சு – நீ
தள்ளாடி வந்தியேய்யா..."

நான் அவர் மார்பில் போய் விழுந்தேன். விழுந்த வேகத்தில் அவர் "ஹக்" என்று மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வாசல் நிறைய நின்ற தலைகளைப் பார்த்தார். பிறகு, தூக்கம் தெளியாத குரலில் மரியாதையாகக் கேட்டார்.

"யாரு செத்தது?"

அக்கா அடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. வாசலில் யாரோ ஒருத்தி வீல் என்று கத்தினாள். இன்னொருத்தி சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. நான் மட்டும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பல வருஷமாக அப்படி அழுததில்லை. அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே மறுபடியும், "யாருன்னு சொல்லுங்களேன்" என்றார்.

ஐசி, போர்டு, படி என்று நான் விக்கி விக்கி விளக்கியதும் சிரிப்பு திட்டாக மாறியது. பெரட்டு நேரம் போய்விட்டதை அப்போதுதான் யாரோ நினைவு வந்து சொன்னார்கள். அடுப்பில் ரொட்டி கருகுகிற வாசனை லயம் முழுக்க வந்தது. எல்லோரும் கூட்டமாக ஓடினார்கள். யார் வீட்டில் சாவு என்று கணக்கப்பிள்ளை கேட்டாராம். செத்தவர் எந்திரிச்சிட்டாருங்க என்று அக்கா சொன்னாளாம். அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் அரைப் பேர் போட்டாராம். அந்த வாரம் முழுக்கப் பீலிக்கரையில் எனக்குக் கிடைத்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர்கள் திட்டியதில் நியாயம் இருந்தது.

அன்று சாயங்காலம் அக்கா மட்டும் எங்கள் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "தம்பி தூங்குறதில்லன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல புள்ள" என்றாள்.

"சொல்லக் கூடாதுன்னாருக்கா. பெக்டரிக்குத் தெரிஞ்சிரும்னு."

"நடுவுல ஒத்தச் சொவரு. அந்தப் பக்கம் பொரண்டு படுக்குறது எனக்குக் கேக்காதா? லயத்துல எல்லாருக்குந் தெரியும். ஒங்க ரெண்டு பேருக்குந்தான் எங்களுக்குத் தெரியும்னு தெரியாது."

காலையில் அவள் பாடியதெல்லாம் அந்த நிமிஷத்தில் இட்டுக்கட்டியது இல்லை, தினமும் இஸ்தோப்பில் நின்று பார்த்தது என்று புரிந்தது. ஓர் ஆள் செத்தால்தான் அதை வாய்விட்டுச் சொல்வது என்று வைத்திருக்கிறோம். எனக்கு அவள்மேல் கோபமும் வந்தது, அவள் மடியில் தலை வைத்துப் படுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு அவர் பெக்டரிக்குக் கிளம்பினார். தைத்த கையுள்ள அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். வாசலில் நின்று சொன்னார்.

"இன்னிக்கித் தூங்குனேன் பாரு, அந்த மாதிரி தூங்கி எத்தன நாளாச்சு. கதவத் தட்டுனதும் தெரியல, இம்புட்டுப் பேரு வந்து அழுததும் தெரியல. செத்தா இப்பிடித்தான் இருக்கும்னா பரவாயில்ல போ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வாயில் அடித்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் மனுஷன் அன்றைக்குத்தான் சிரித்தார், அதையும் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

கமிட்டி கூடியது. போர்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். சாவைப் பற்றி விளையாடக் கூடாது என்று சிலர் சத்தம் போட்டார்கள். தலைவர் என்ன சொல்வது என்று தெரியாமல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அக்காதான் எழுந்தாள்.

"அந்தத் தம்பி எந்நேரமும் ரோலருக்குப் பக்கத்துல நிக்கிறாரு. கை போனா கமிட்டி குடுக்குமா கை? சத்தம் கொறையட்டும். எழும்பாதவளுக்கு நான் சொவத்தத் தட்டுறேன், அவ அடுத்தவளுக்குத் தட்டட்டும்."

முதலில் சத்தம் போட்டவர்களே தலையாட்டினார்கள். தலைவர் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டார். இனிமேல் சாவு என்றால் பாட்டை அறுத்தால் மட்டும் போதாது, சத்தத்தைக் கூட்டி, இன்ன வீட்டில் இன்னார் என்று பூசாரி மைக்கில் வாயால் சொல்ல வேண்டும். பாட்டு நிற்பதை இனி நம்ப முடியாது என்றார். சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கடையில் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு இறக்காமல், அந்த நேரத்தில் இருக்கிற சத்தத்தில் ஒரு சின்னப் பங்கை மட்டும் இறக்குவது. அதிகமாக இருக்கும்போது அதிகம், கொஞ்சமாக இருக்கும்போது கொஞ்சம். இரண்டே வரி மாற்றம்தான். அது இரண்டாவது பாட்டில் தொடங்கி மூன்றாவது பாட்டு முடிகிற வரைக்கும் மெதுவாக இறங்கியது. இறங்குவது யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் தலைவர் படியேறி வந்து, "மெஷின் கெட்டுப் போச்சா புள்ள? சத்தம் கொறையவே இல்லையே" என்றார். அப்போது நாங்கள் இருவரும் சாதாரணக் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தோம். குழாய் எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தது. நான் மேலே கையைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கதை பெக்டரிக்கும் போகாமல் இருக்குமா? ஒப்பாரி கேட்ட மனுஷன் என்று இவருக்கு அங்கே பேர் வைத்துவிட்டார்கள். டீமேக்கர் கூப்பிட்டு ஒரு மாதிரி பார்த்தாராம், வேலையைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டாராம். ராத்திரி வேலை அப்படியேதான் இருந்தது, ரோலரும் அப்படியேதான் இருந்தது. ஆனால் இவர் தூங்கினார். முகத்தில் கொஞ்சம் சதை வைத்தது. கீழ்ப் பிரிவுக்காரர்கள் கேலி செய்துவிட்டு, யூனிட் எரிந்த பிறகு என்னையே கூப்பிட்டார்கள். அவருடைய கை இன்றைக்கும் கையாகவே இருக்கிறது.

தூங்காமல் போனவள் நான்தான். இந்தக் கணக்கை நான் எழுதும்போது பார்க்கவில்லை. சத்தம் எந்த இடத்தில் இல்லாமல் போகிறது என்று லயத்தில் யாருக்கும் தெரியாது, எழுதிய எனக்கு மட்டும் தெரியும். மூன்றாவது பாட்டின் கடைசி அடியில் அது காதை விட்டுப் போகும். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று நான் அவர் பக்கத்தில் கண்ணயர்ந்திருப்பேன், அந்த இடம் வந்தால் எத்தனை அசதியில் இருந்தாலும் எனக்கு விழிப்பு வந்துவிடும். விளக்கு எரிகிறது, பாட்டு இல்லை. பக்கத்தில் அவர் வாயை லேசாகத் திறந்துகொண்டு கிடப்பார். போர்டு செய்த வேலை என்று புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அது தானாகப் போய் அவர் மார்பில் உட்கார்ந்துகொள்ளும், ஏறி இறங்குகிறதா என்று பார்க்கும்.

மெதுவாகத்தான் வைப்பேன், அவரை எழுப்பிவிடக் கூடாது என்று. ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே என் கையின்மேல் தன் கையை வைத்தார். உள்ளங்கை முழுக்கத் தேயிலைக் கறை.

"இருக்கேன் புள்ள" என்றார். "நீ தூங்கு."